டி டிரைவில் அம்மா

"ஃபார்மேட் செய்யணும் சேச்சி. வேற வழி மாஃபி, இல்லா" என்று கடைக்காரர் சொன்ன மாத்திரத்தில், அருள்செல்வி மேசைமேல் இருந்த சிபியுவை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். யாரோ பிடுங்க வந்ததுபோல இருந்தது அவள் இழுத்த இழுப்பு.

"ஃபார்மேட் செஞ்சா டி டிரைவ்ல உள்ளது இருக்குமா?"

"இருக்கும்."

"உறப்பா இருக்குமா?"

கடைக்காரர் மலையாளி. பாவம், பொய் சொல்ல வராத மனுஷன். தலையைச் சொறிந்தார். "வைரஸ் அங்கயும் கேறியிட்டுண்டெங்கில் எல்லாம் களையணும். கேரண்டி இல்ல. அதுக்கென்ன சேச்சி, வேண்டிய படமெல்லாம் நான் ஏத்தித் தராம். புதுப் படம் எல்லாம் இருக்கு."

"எனக்கு வேண்டிய படம் உங்ககிட்ட இல்ல" என்று சொல்லிவிட்டு, சிபியுவை ஒரு பிள்ளையைப் போல இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு குவைத்தின் ஃபர்வானியா வெயிலில் இறங்கி நடந்தாள். வாட்ச்மேன், டாக்சிக்காரன், ரொட்டிக்கடை ஈரானி எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவளுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை.

அந்த டி டிரைவில் என்ன இருந்தது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அருள்செல்விக்குக் குளச்சல் பக்கம் கடற்கரை ஊர். தம்பி கிளிட்டஸ் புதுப் படகு வாங்கி இறக்கிய அன்று பங்குச் சாமியார் வந்து ஜெபித்து மந்திரித்ததை வீடியோ எடுத்து, குவைத்தில் நர்ஸ் வேலை பார்க்கும் அக்காள் பார்க்கட்டும் என்று சிடியில் போட்டு அனுப்பியிருந்தார்கள். அதை அவள் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தாள். சிடியை இரவல் வாங்கிப் போனவள் அயர்லாந்துக்கே போய்விட்டாள். பிறகு அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. அம்மா போனாள். வீட்டோடு ஆல்பம் போயிற்று, ரேஷன் கார்டு போயிற்று. வீடியோ எடுத்தவனின் கடை போயிற்று. சொந்தக்காரர்கள் எல்லாரும் அதே தெரு என்பதால் அவர்கள் ஆல்பங்களும் போயின. அம்மாவின் முகம் இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த டி டிரைவில் மட்டும்தான்.

அப்படியென்றால் உடனே ஒரு காப்பி எடுத்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கேட்பது சரிதான். அவளால் அதைத் திறக்க முடியவில்லை. உள்ளே இருக்கிறது என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. இருக்கட்டும், பிறகு பார்க்கலாம், பிறகு பார்க்கலாம் என்றே இரண்டாவது வருஷமும் முடியப் போனது. அப்போதுதான் கிளிட்டஸ் போன் பண்ணினான்.

"எக்கா, கோயில்ல நினைவுச் சுவரு கெட்டுறாவ. எல்லாருக்கும் பேருக்கு மேல படம் பதிக்கப் போறாவளாம். எல்லா வீட்டுப் படமும் வந்தாச்சி. அம்மைக்க படம் மட்டும் இல்ல. சாமியாரு கேட்டுக்கிட்டே இருக்காரு."

"எங்கிட்ட இருக்குலே. நான் அனுப்புறேன்" என்றாள். சொல்லிவிட்டு மனதைக் கல்லாக்கிக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டால், அது நீலமாக ஒரு முகத்தைக் காட்டிவிட்டு அணைந்தது. மறுபடி தானே எழுந்தது, மறுபடி நீலம், மறுபடி அணைந்தது. யாரோ கொடுத்த பாட்டு சிடியிலிருந்து வைரஸ் வந்திருக்கிறது. வந்த நேரத்தைப் பாருங்கள்!

கடைக்காரர் கைவிட்டதும், ஆஸ்பத்திரி கேன்டீனில் செல்வசிங்கைப் பிடித்தாள். மார்த்தாண்டத்துக்காரன், இசிஜி மெஷின், மானிட்டர் எல்லாம் ரிப்பேர் பார்க்கிறவன். டீயை உறிஞ்சிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டான்.

"எக்கா, செத்தது விண்டோஸ்தான். டிஸ்க் சாவல. டிரைவரு மயங்கிக் கெடக்கான், வண்டி நல்லாத்தான் நிக்குதுன்னு வச்சுக்கிடுங்க. நாம வேற டிரைவர ஏத்தி ஓட்டுவோம்."

"வேற டிரைவரு யாரு?"

"லினக்ஸ். எங்கிட்ட சிடி இருக்கு. கேட்டா தபால்ல சும்மாவே அனுப்பி விடுவானுவ."

"சும்மாவா? சும்மா குடுக்கவனுக்கு அதுல என்ன கிடைக்கும்?"

"ஒரு சந்தோஷம்."

"போலே, கள்ளம் சொல்லாத."

சிடி உண்மையிலேயே சும்மாதான் வந்திருந்தது, நல்ல அட்டை உறை போட்டு. இன்ஸ்டால் எதுவும் பண்ணாமலே, சிடியை உள்ளே போட்டால் அதுவே ஓடும், டி டிரைவைத் திறந்து வேண்டியதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றான் செல்வசிங். லீவு நாளான வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை கண்டு வந்த கையோடு, அருள்செல்வி அதைப் போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்தாள். அறைத்தோழி ஷியாமளா பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டாள். யாழ்ப்பாணத்துக்காரி, அதே ஆஸ்பத்திரியில் லேபில் வேலை.

சிடி சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஷியாமளா போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தாள். அப்போதுதான் பழுப்பு நிறத்தில் ஒரு திரை வந்தது. மவுசை நகர்த்தினால், நினைத்துப் பார்த்துவிட்டு அம்புக்குறி மெல்ல நகர்ந்தது.

"என்னப்பா இது, கடிதம் போட்டுப் பதில் வாற மாதிரி வருது" என்றாள் ஷியாமளா.

அருள்செல்வி எதையோ கிளிக் பண்ணினாள். அவ்வளவுதான். அம்புக்குறி நின்றது நின்றதுதான். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார்கள், பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தார்கள், அது அதே இடத்தில் நின்றது.

செல்வசிங்குக்குப் போன் போட்டாள். "மெமரி பத்தாது எக்கா. சிடியில இருந்தே ஓடணும்னா நெறைய மெமரி வேணும். ஒண்ணு செய்யலாம், வேற ஒரு சிடி இருக்கு, அது இன்ஸ்டால் மட்டும் பண்ணும். சி டிரைவ்ல விண்டோஸ அழிச்சிட்டு அங்க போட்டுருவோம். டிஸ்க்ல இருந்து ஓடுனா இந்த மெமரிக்கு இழுத்துரும்."

"டி டிரைவு?"

"அதத் தொடாம போடலாம். தொடாம போடணும், அம்புட்டுதான்."

"தொடாம போடணும்னு எங்கிட்ட சொல்லுதியா, சிடிகிட்ட சொல்லுதியா?"

"உங்ககிட்டதான் எக்கா. சிடி நீங்க சொன்னத கேக்கும்."

மறுநாள் வார்டுக்கே வந்து இரண்டாவது சிடியைக் கொடுத்தான். கொடுக்கும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை. "மொழி கேக்கும். தமிழ் எடுங்க எக்கா. தமிழ் இருக்கு! விண்டோஸ்ல உண்டா இப்படி?"

காலை டியூட்டி முடிந்து வந்து, முகம்கூடக் கழுவாமல் சிடியைப் போட்டாள். இந்தச் சிடி மளமளவென்று வந்தது. மொழிகளின் வரிசையில் அம்புக்குறியை இறக்கிக்கொண்டே போனாள். கீழே, கீழே, இன்னும் கீழே... 'தமிழ்'.

"எடும், எடும்!" என்று ஷியாமளா கையைத் தட்டினாள். "எங்கட பாஷையில ஒரு மெஷின் கதைக்குது. பாரும், அதைவிட்டிட்டு வேறை எதை எடுப்பீர்?"

எடுத்தாள். திரை முழுக்கத் தமிழ். ஆசையாகத்தான் இருந்தது, வாசிக்கிற வரைக்கும். வன்தட்டு என்றது. பகிர்வு என்றது. ஏற்றப் புள்ளி என்றது. அருள்செல்வி பத்தாம் வகுப்புத் தமிழில் நல்ல மார்க் வாங்கினவள்தான், ஆனால் இந்தத் தமிழை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வன்தட்டு ஹார்ட் டிஸ்க் என்று இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். 'வன்' என்றால் ஹார்ட், 'தட்டு' என்றால் டிஸ்க். "மீன் குழம்பு ஊத்தித் திங்கிற தட்டு இல்ல போல" என்றாள் அருள்செல்வி.

எங்கே போடட்டும் என்று கேட்கிற இடம் வந்தது. அங்கே சி என்றும் இல்லை, டி என்றும் இல்லை. எச்டிஏ ஒன்று, எச்டிஏ ஐந்து என்று இரண்டு வரிகள். அருள்செல்வியின் கை மவுசிலிருந்து தானாக விலகியது.

"முதலாவது சி, ரெண்டாவது டி. அப்பிடித்தானே இருக்கும்?" என்றாள் ஷியாமளா.

"இருக்கும்னா பத்தாது. இருக்கணும்."

யோசித்தாள். விண்டோஸ் உயிரோடு இருந்த காலத்தில், சி நிரம்பிவிட்டது, சி நிரம்பிவிட்டது என்று மூலையில் ஓயாமல் புலம்பிக்கொண்டே இருக்கும். டி நிரம்பியது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அப்படியானால் சி சின்னது, டி பெரியது. இரண்டு வரியிலும் அளவு போட்டிருந்தது. முதல் வரி சின்னது, இரண்டாவது வரி அதைவிட எவ்வளவோ பெரியது. நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள்.

ஆனால் இரண்டு வரிக்கும் எதிரே ஒரு கட்டம் இருந்தது. இரண்டிலும் டிக் விழுந்திருந்தது. அவர்கள் எதையோ அழுத்தும்போது விழுந்ததா, தானாகவே விழுந்ததா, தெரியவில்லை. கட்டத்துக்கு மேலே 'வடிவமை' என்று எழுதியிருந்தது.

"வடிவமைன்னா என்ன?"

"வடிவு எண்டா அழகுதானே. வடிவான பிள்ளை எண்டு சொல்லுறேல்லையோ? ரெண்டையும் வடிவாக்கித் தரும் போல. நல்லதுதானே, விடும்" என்றாள் ஷியாமளா.

'தொடர்க' என்ற பொத்தான்மேல் அம்புக்குறி போய் நின்றது. விரலும் இறங்கப் போனது. இறங்கவில்லை. வார்டில் அருள்செல்விக்கு ஒரு பழக்கம் உண்டு; லேபிளில் ஒரு சொல் புரியவில்லை என்றால், டாக்டரே பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினாலும் ஊசியில் மருந்தை ஏற்ற மாட்டாள். திட்டு வாங்கிக்கொண்டு கேட்டுவிட்டு வருவாள்.

செல்வசிங்குக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். ஆபரேஷன் தியேட்டரில் ஏதோ மெஷினோடு மல்லுக்கு நிற்கிறான் என்று அவன் கூட இருப்பவன் எடுத்துச் சொன்னான். "அவன் வெளிய வந்ததும் பேசச் சொல்லு. அதுவரைக்கும் நான் இப்படியே இருக்கேன்" என்றாள். இருந்தாள். ஷியாமளா டீ போட்டுக் கொடுத்தாள், அதைக் குடிக்கக்கூட மவுஸ் பக்கம் கையைக் கொண்டு போகவில்லை.

ஒருவழியாகச் செல்வசிங் கூப்பிட்டான்.

"வடிவமைன்னா என்னலே?"

"வடிவமையா?" அவன் குரலிலும் தடுமாற்றம். "அப்படியா போட்டுருக்கு? வடிவம்... வடிவம்னா ஃபார்ம்... வடிவமை... எக்கா! கைய எடுங்க! அது ஃபார்மேட்டு!"

அருள்செல்வி மெல்லத் திரும்பி ஷியாமளாவைப் பார்த்தாள். ஷியாமளா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ கடவுளே, வடிவாக்க வெளிக்கிட்டு..."

"ரெண்டாவது வரியில உள்ள டிக்க எடுத்துருங்க எக்கா. முதல் வரியில மட்டும் இருக்கட்டும்."

எடுத்தாள். திரையில் இருந்ததை ஷியாமளாவை வாசிக்கச் சொன்னாள். தானும் வாசித்தாள். செல்வசிங்குக்கும் போனில் வாசித்துக் காட்டினாள். பிறகுதான் 'தொடர்க'வை அழுத்தினாள்.

அதற்கு அடுத்த பக்கத்தில் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் என்று கட்டங்கள் வந்தன.

"கடவுச்சொல்லா? ஜெபம் எதாவது எழுதணுமா? கர்த்தர் கற்பித்த ஜெபம்னா இந்தக் கட்டத்துல கொள்ளாதே" என்றாள் அருள்செல்வி. விளையாட்டாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

இந்தத் தடவை ஷியாமளா மானத்தைக் காப்பாற்றிக்கொண்டாள். "கடவுளில்லையப்பா, கடவு. எங்கட ஊரில பாஸ்போர்ட்டுக்குக் கடவுச்சீட்டு எண்டுதான் சொல்லுறது. அப்ப கடவுச்சொல் எண்டா பாஸ்வேர்ட்."

"இத உறப்பாச் சொல்லுதியா, வடிவு மாதிரிச் சொல்லுதியா?"

"சத்தியமா!"

பெயர் என்ற இடத்தில் இங்கிலீஷில் Arulselvi என்று அடித்தாள். பயனர் பெயரில் arul என்று அடித்தாள். ஷியாமளாவுக்கு மனசு ஆறவில்லை.

"தமிழில கேக்குது, நீர் இங்கிலிசில பதில் சொல்லுறீர். உம்மட பேரை அழகா தமிழில எழுதுமன்."

குவைத்தில் வேலை பார்க்கிற யாருக்கும் ஆல்ட்டும் ஷிப்டும் சேர்த்து அழுத்தத் தெரியும். அப்படி அழுத்தித்தான் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் கீபோர்டை இங்கிலீஷுக்கும் அரபிக்கும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். அருள்செல்வி மேல் கட்டத்துக்குத் திரும்பிப் போய், இருந்ததை அழித்துவிட்டு, அதே இரண்டு கட்டையை அழுத்திப் பார்த்தாள். ஒரு கட்டையைத் தட்டினால் 'க' வந்தது. இன்னொன்றைத் தட்டினால் 'ற' வந்தது. இருவரும் சேர்ந்து ஒவ்வொரு கட்டையாகத் தட்டித் தேடினார்கள். 'ரு' வருவதற்குள் கீபோர்டில் பாதி முடிந்தது. புள்ளி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தபோது இரண்டு பேரும் கூவியே விட்டார்கள். கடைசியில் 'அருள்செல்வி' என்று வந்து நின்றது. நன்றாகத்தான் இருந்தது.

பிறகு கடவுச்சொல். யாருக்கும் தெரியாத ஒரு சொல்லாக இருக்க வேண்டும் என்று ஷியாமளாவைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, vavval என்று அடித்தாள். அது அவர்கள் வார்டு சூப்பர்வைசருக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பட்டப்பெயர். கறுப்புக் கம்பளிச் சட்டையை விரித்துக்கொண்டு காரிடாரில் பறந்து வருவாள் அந்தம்மா. கட்டத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது. இன்னொரு தடவை அடி என்றது, அடித்தாள். ஒத்துக்கொண்டது.

இன்ஸ்டால் முடிந்து, சிடி தானாக வெளியே வந்தது. கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தது. நீலம் வரவில்லை. சுத்தமான ஒரு திரையில், இங்கிலீஷில், பெயரென்ன என்று ஒரு பெட்டி கேட்டது. arul என்று அடித்தாள். பாஸ்வேர்டு என்ன என்றது. அடித்தாள்.

தவறு என்றது.

விரல் வழுக்கியிருக்கும் என்று நிறுத்தி நிறுத்தி அடித்தாள். தவறு. கேப்ஸ் லாக்கைப் பார்த்தாள், அணைந்தேதான் இருந்தது. கட்டை கட்டையாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு அடித்தாள். தவறு.

"மறந்திட்டீர் போல" என்றாள் ஷியாமளா.

"அந்தப் பேர நான் மறக்கவா? நாள் முழுக்க அவ மூஞ்சியிலதான் முழிக்கேன்."

செல்வசிங் போனில் கேட்டான். "என்ன பாஸ்வேர்டு வச்சீங்க எக்கா? சொல்லுங்க, ஸ்பெல்லிங் பாப்போம்."

"அத உங்கிட்ட சொல்ல முடியாது."

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீ அவளுக்க மானிட்டர நன்னாக்க நாளைக்கு வருவ. வேண்டாம்."

அவன் சிரித்துவிட்டு, "அப்போ திரும்பவும் இன்ஸ்டால் பண்ணிருங்க. இப்பதான் வழி தெரியுமே" என்றான்.

"மாட்டேன்."

"ஏன் எக்கா?"

"ஒரு தடவை அந்த டி டிரைவுக்க பக்கத்துல போய்ட்டு தப்பித் திரும்பி வந்துருக்கேன். இன்னொரு தடவை போக மாட்டேன். பூட்டு சரிதான், சாவியும் சரிதான். ஏன் திறக்கலன்னு தெரியாம கதவ உடைக்க மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, மறுநாள் டியூட்டியில் மனசெல்லாம் அங்கேதான். ஒரு நோயாளிக்கு டெம்பரேச்சர் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, வார்டு மேசையில் எகிப்துக்கார டாக்டர் கம்ப்யூட்டர் கட்டையை ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

"முஷ்கிலா! டெய்லி ப்ராப்ளம்! என் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதா?" என்று பாதி அரபியும் பாதி இங்கிலீஷுமாகக் கத்தினார்.

வார்டு கிளார்க் ரெஷ்மா பைலிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கையை மட்டும் நீட்டி ஆல்ட்டையும் ஷிப்டையும் அழுத்தினாள். "அரபிக்ல இருந்துச்சு டாக்டர். இப்ப அடிங்க."

அடித்தார். திறந்தது. "கலாஸ், ஃபினிஷ்" என்று போய்விட்டார்.

தினமும் நடக்கிற கூத்துதான். பாஸ்வேர்டு கட்டத்தில் புள்ளிதானே விழுகிறது. அடிக்கிறது அரபியா இங்கிலீஷா என்று யாருக்குத் தெரியும்? அருள்செல்வி எத்தனையோ தடவை இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். இன்று சிரிக்கவில்லை. தெர்மாமீட்டரைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"என்னக்கா, பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் ரெஷ்மா.

"நான் தமிழ்ல அடிச்சிருக்கேன்" என்றாள் அருள்செல்வி.

"எதை?"

அவள் அதற்குள் லேபுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். "ஷியாமளா, நேத்து நீ பேர தமிழ்ல எழுதச் சொன்னியே. எழுதி முடிச்சிட்டு நான் கீபோர்ட திரும்ப இங்கிலீஷுக்கு மாத்துனனா?"

"மாத்தேல்லை" என்றாள் ஷியாமளா. "ஐயோ, மாத்தேல்லை! நீர் என்னைத் திரும்பி இரும் எண்டு சொன்னீர், உடனே அடிச்சீர்."

அன்றைக்கு டியூட்டி முடிந்ததும் இருவரும் பஸ்ஸுக்கு நிற்காமல் டாக்சி பிடித்தார்கள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டார்கள். பெயர்ப் பெட்டி வந்தது. அருள்செல்வி முதலில் பாஸ்வேர்டுக்குப் போகவில்லை. பெயர்ப் பெட்டியிலேயே ஆல்ட்டையும் ஷிப்டையும் அழுத்திவிட்டு, ஏதோ ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தாள். தமிழ் எழுத்து ஒன்று வந்து விழுந்தது.

"இருக்கு!" என்று ஷியாமளா அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

"குலுக்காத பிள்ள."

அந்த எழுத்தை அழித்து, இங்கிலீஷுக்கு வந்து, arul என்று அடித்து என்டர் தட்டினாள். பாஸ்வேர்டு கட்டம் வந்ததும் மறுபடி தமிழுக்கு மாற்றினாள். vavval இருக்கும் அதே கட்டைகளை, அதே வரிசையில். தமிழில் அது என்ன எழுத்தாக விழுந்ததோ, யாருக்குத் தெரியும். வாசித்தால் பல்லுடைகிற சொல்லாகத்தான் இருக்கும். என்டர்.

தவறு என்று சொல்லவில்லை. திரை ஒருமுறை இருண்டு, வெளுத்து, தமிழில் விரிந்தது.

"உம்மட வீட்டுக்கதவு அரபி இங்கிலிஸ் ஒண்டுக்கும் திறக்காது, தமிழுக்கு மட்டும்தான் திறக்குமாம்" என்றாள் ஷியாமளா. அருள்செல்விக்குக் காதில் விழவில்லை. எச்டிஏ ஐந்து என்ற வரியைத் தேடிப் பிடித்துத் திறந்துகொண்டிருந்தாள். பாட்டுகள் இருந்தன. நர்ஸிங் பாடங்கள் இருந்தன. கீழே, படகு என்று பெயர் வைத்த அந்த ஃபைல் இருந்தது.

இரண்டு வருஷமாகத் திறக்காததைத் திறக்கப் போகிறாள். ஷியாமளா எழுந்து, அடுப்படிக்குப் போகவா என்பதுபோலப் பார்த்தாள். "இரி" என்றாள் அருள்செல்வி.

படம் ஓடியது. சத்தம் வரவில்லை. ஸ்பீக்கரைத் திருகினாள், வயரைப் பிடுங்கிச் சொருகினாள், வரவில்லை. போகட்டும், படம் ஓடுகிறதே. கடற்கரை. வண்ணக் காகிதம் கட்டிய படகு. சாமியார் தண்ணீர் தெளிக்கிறார். கிளிட்டஸ் புதுச் சட்டையில் விறைப்பாக நிற்கிறான். அம்மா சர்க்கரைத் தட்டோடு போகிறாள், முதுகு மட்டும் தெரிகிறது. அம்மா குனிந்து ஒரு குழந்தை கையில் எதையோ வைக்கிறாள், கொண்டை மட்டும் தெரிகிறது. அம்மா கூட்டத்தில் புகுந்து போகிறாள், சேலை முந்தானை மட்டும் தெரிகிறது. அருள்செல்வி திரைக்குக் கிட்டே, கிட்டே போனாள். திரும்பு அம்மா. ஒரு தடவை திரும்பு.

படம் கொஞ்சம் ஆடியது. வீடியோக்காரன் பின்னால் நகர்ந்து எதன்மேலோ ஏறி நிற்கிறான். அப்போதுதான் அம்மா சட்டென்று திரும்பினாள். நேராகக் கேமராவைப் பார்த்து, தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையை நீட்டி, வாயைத் திறந்து, கண்ணை உருட்டி...

"என்ன சொல்லுறா?" என்றாள் ஷியாமளா.

"வலைய மிதிச்சிட்டான்" என்றாள் அருள்செல்வி. "செருப்புக் காலோட. அம்மைக்கு அது ஆவவே ஆவாது." பிறகு, சத்தமில்லாத அந்த வாய் அசைவுக்குச் சரியாக, அவளே பேசினாள். "லேய், கண்ணு எங்க இருக்கு ஒனக்கு? கஞ்சி ஊத்துற வலைலே அது. எறங்கு! எறங்குலே கீழ!"

ஷியாமளா சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அருள்செல்வி பின்னால் ஓட்டினாள், மறுபடி பார்த்தாள், அந்த இடத்தில் நிறுத்தினாள்.

"இதையோ அனுப்பப் போறீர்? கோயில் சுவரில? வாய் திறந்திருக்கேயப்பா. அதுக்கு முதல் ஒரு இடத்தில கன்னம் கொஞ்சம் தெரிஞ்சுது, அமைதியா..."

"கன்னத்த வச்சு நான் என்ன செய்ய? இது முழு மூஞ்சி."

"பேசுற மாதிரி இருக்கு."

"அம்மை பேசத்தான செய்யுதா. இதத்தான் அனுப்புவேன். சாமியாரு கேட்டா கிளிட்டஸ் பதில் சொல்லட்டும்."

முதல் வேலையாக வெறும் சிடி ஒன்றைப் போட்டு அந்த ஃபைலை எழுதினாள். அது முடிந்ததும் இன்னொன்று. ஒன்று கிளிட்டஸுக்கு, ஒன்று அவளுக்கு. பிறகு இன்னொன்றும் எழுதி, ஷியாமளாவின் பெட்டிக்குள் வைக்கச் சொன்னாள். அந்த நிறுத்திய முகத்தைத் தனிப் படமாக எடுத்து எப்படிச் சேமிப்பது என்று தமிழ் மெனுக்களில் தேடித் தேடி, ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை வாசித்துப் பார்த்து, கண்டுபிடித்துச் சேமித்தாள். ஊருக்குப் போன் போட்டு, "அம்மைக்க படம் வருதுலே" என்று மட்டும் சொன்னாள்.

உடனே செல்வசிங்கைக் கூப்பிட்டாள்.

"தெறந்துட்டா எக்கா?"

"தெறந்துட்டு. படம் ஓடுது. சத்தம் வரல."

"சவுண்டு டிரைவரு எடுக்கலையா இருக்கும். சில கார்டுக்கு அப்படித்தான், கொஞ்சம் பாடுபடுத்தும். அதான் படம் கிடைச்சிட்டுல்லா, போட்டும் விடுங்க."

"போட்டும்னு எப்படி விட?" என்றாள் அருள்செல்வி. நாற்காலியை மேசைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அவ வாயத் தொறந்துட்டு நிக்கா செல்வசிங்கு. சொல்லு, முதல்ல எங்க போய் என்னத்த அமுக்கணும்?"